எண்ணிப் பார்த்தவர்

ஒரு நாவலை முடித்துவிடலாம் என்ற நினைப்பில்தான் பதினைந்து நாள் ஏற்காட்டுக்குப் போனேன். நாவல் ஒன்பது பக்கம் நகர்ந்தது. மீதி நேரமெல்லாம் ஒரு மனிதர் எழுதிவைத்த பத்திரிகைக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்ச் செய்யவேண்டிய காரியமா இது என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

நான் தங்கியது ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டில். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். பின்னால் வந்த தோட்டக்காரத் துரைமார்கள் ஊருக்குப் போகும்போது படித்து முடித்த புஸ்தகங்களை விட்டுவிட்டுப் போனார்கள். நண்பர் வீட்டை வாங்கியபோது அலமாரியும் சேர்ந்து வந்தது. துப்பறியும் நாவல்களுக்கு நடுவே ஜே.பி.எஸ். ஹால்டேனின் 'பாஸிபிள் வேர்ல்ட்ஸ்' இருந்தது, 1927ல் வெளிவந்தது. பக்கத்தில் 1939ல் வந்த 'சயன்ஸ் அண்டு எவரிடே லைஃப்.' மூன்றாவது புஸ்தகத்தை நண்பரே வைத்திருந்தார்: 'சயன்ஸ் அண்டு இண்டியன் கல்ச்சர்.' ஹால்டேன் இறந்த மறு வருஷம், 1965ல், கல்கத்தாவில் அச்சானது. ஒரே ஆசாமியின் மூன்று வயசு ஒரே தட்டில். வரிசையாகப் படித்தால் ஒரு நாவலுக்குரிய கதை இருந்தது. என் நாவலைவிட நல்ல கதை.

ஹால்டேனைப் பெரிய விஞ்ஞானி என்று அறிந்தவர்கள் உண்டு. டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் பாரம்பரிய விதிகளையும் கணக்குப் போட்டு இணைத்த மூவரில் ஒருவர்; மற்ற இருவர் ஃபிஷரும் ரைட்டும். அந்தக் கணக்கு எனக்குப் புரியாது. விஞ்ஞானத்தில் பட்டமே வாங்காதவர் அவர் என்பது மட்டும் எனக்கு ஒரு திருப்தி. நான் பேசப்போவது பத்திரிகைக்கு எழுதிய ஹால்டேனைப் பற்றி. எல்லோரும் ஒரு பக்கம் போனால் தான் மறு பக்கம் போன ஹால்டேனைப் பற்றி.

1892ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தகப்பனார் சுரங்கங்களில் விஷவாயு எப்படி ஆளைக் கொல்கிறது என்று ஆராய்ந்தவர். பையனையும் ஒரு சுரங்கத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார். கூரை ஓரமாக மீதேன் வாயு தேங்கியிருந்த இடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அந்தோணி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது, கால் துவண்டது, பையன் தரையில் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது. மீதேன் காற்றைவிட லேசானது, அது மேலேதான் நிற்கும் என்பதைப் பையன் இப்படிக் கற்றுக்கொண்டான். நம் வீட்டில் ஒரு தகப்பன் இப்படிச் செய்தால் பாட்டிமார்கள் ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

அவர் எழுத்தின் சூட்சுமம் இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். விதியைச் சொல்லி உதாரணம் தேடுகிற எழுத்து அல்ல அவருடையது. உடம்பு முதலில் விழும். விதி பின்னால் வரும். அமிலம் ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க அம்மோனியம் குளோரைடைத் தாமே குடித்துவிட்டு நாள் கணக்கில் மூச்சிரைத்தவர். 1939ல் 'தீடிஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் முழுகி 99 பேர் இறந்தபோது, அவர்கள் மூச்சு கடைசியில் எப்படித் திணறியிருக்கும் என்று அறிய, இரும்பு அறைக்குள் நான்கு பேருடன் புகுந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் மூச்சைப் பற்றிப் பத்தி எழுதினால் வாசகனுக்கும் நெஞ்சு கொஞ்சம் அடைக்கத்தான் செய்யும்.

முதல் புஸ்தகத்தில் பிரசித்தமானது, பிராணிகள் சரியான அளவில் இருப்பதைப் பற்றி 1926ல் எழுதிய கட்டுரை. ஏற்காட்டில் அதைப் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. லேடீஸ் ஸீட் பாறையில் நின்றுகொண்டு கீழே சேலத்துச் சமவெளியைப் பார்த்தாலே கட்டுரை விளங்கிவிடும். என் கால் பக்கத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அதைத் தள்ளிவிட்டால் அது மெதுவாக இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி வேறு வேலையைப் பார்க்கப் போகும். நான் விழுந்தால் அவ்வளவுதான். எருமை விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஓர் உருவம் எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதானால் எடை ஆயிரம் மடங்கு ஆகிறது. காற்று தாங்குகிற மேற்பரப்போ நூறு மடங்குதான். ஆகையால் புராணத்து ராட்சசன் நம்மைப் போன்ற கால்களோடு நடக்கவே முடியாது. பீமனுக்கும் கடோத்கஜனுக்கும் இதைப் போட்டுப் பார்த்துக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன்.

இதில் ஹால்டேனின் எதிர்வாதம் எங்கே இருக்கிறது என்றால், அளவு என்ற கேள்வியில் இருக்கிறது. எல்லோரும் "இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்கும்போது அவர் "எவ்வளவு?" என்று கேட்பார். அந்தக் கட்டுரையின் கடைசியில் இதே கணக்கை அரசியலுக்கும் நீட்டி, சிறிய நாட்டுக்குச் சரிப்படுகிற சோஷலிசம் பிரம்மாண்டமான நாடுகளுக்குச் சரிப்படுமா என்று சந்தேகப்படுகிறார். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு அவரே அதை ஞாபகம் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எதிர்வாதிகளில் இரண்டு ஜாதி உண்டு. கல்யாண வீட்டில் சமையல் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னால் ரசத்தில் உப்பு இல்லை என்கிற சித்தப்பா ஒரு ஜாதி. அவருக்கு ரசம் முக்கியமல்ல. இன்னொரு ஜாதி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை இலையில் ரசம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர். ஹால்டேன் இரண்டாவது ஜாதி. ஆனால் சித்தப்பாவும் அவருக்குள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். 1925ல் விஷவாயு யுத்தத்தை ஆதரித்து ஒரு சிறு புஸ்தகம் போட்டார். குண்டுகள் செய்யும் கொலையைவிடக் கடுகு வாயு செய்வது குறைவு என்பது அவர் கட்சி. முதல் யுத்தத்தில் தகப்பனாரோடு சேர்ந்து விஷவாயுவைத் தாமே சுவாசித்துச் சோதித்தவர். கணக்கும் கையில் வைத்திருந்தார். ஆனாலும் படிக்கும்போது, கணக்கு எங்கே முடிந்து ஊரை அதிரவைக்கும் ஆசை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அதே சமயத்தில் சார்லட் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணியின் விவாகரத்து வழக்கில் சம்பந்தப்பட்டு, கேம்பிரிட்ஜ் வேலை போய், வாதாடித் திரும்பப் பெற்றார். சார்லட்டையே கல்யாணமும் செய்துகொண்டார். பேட்டி காண வந்தவர் அந்தப் பெண்மணி. கட்டுரைகளைப் பத்திரிகைகளுக்கு விற்கும் வித்தையை அவரிடம்தான் கற்றார் என்பார்கள்.

இரண்டாவது புஸ்தகம், லண்டனில் கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய 'டெய்லி ஒர்க்கர்' தினசரியில் வந்த கட்டுரைகள். 1937லிருந்து 1950 வரை அதில் 300க்கு மேல் எழுதினார். பத்தி எழுத்து என்றால் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். தொழிலாளி சாப்பிடும் மீன், வேலை செய்யும் இடத்துத் தூசி, கைக்குழந்தையின் மூச்சு, இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு தொடங்குவார். வாசகனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு நடத்திக்கொண்டு போ என்பது அவர் முறை. பிரபல விஞ்ஞானக் கட்டுரை எழுதுவது எப்படி என்று பிற்பாடு அவரே ஒரு கட்டுரையும் எழுதினார். வாக்கியம் சின்னது. உவமை குறைவு. மேதாவி ஒருவர் தம்மைவிடக் குறைந்தவரோடு பேசுகிற இறக்கம் எங்கேயும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி இருக்கும். அவரும் திரும்பிக் கேள்வி கேட்கலாம் என்ற இடம் விட்டிருப்பார்.

ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தத்தின்போது போய்க் குண்டுவீச்சை நேரில் பார்த்து வந்து, லண்டனுக்கு ஆழமான சுரங்கப் புகலிடங்கள் வேண்டும் என்று கணக்கோடு வாதாடினார். சர்க்கார் கேட்கவில்லை. 1941 ஜனவரியில் அந்தப் பத்திரிகையையே தடை செய்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குமேல் தடை இருந்தது. அப்போது அதன் ஆசிரியர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஹால்டேன். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைக்காது.

பிறகுதான் 1948 வருகிறது.

ரஷ்யாவில் லைசென்கோ என்ற விவசாய நிபுணர், விதையைக் குளிரில் வைத்துப் பழக்கினால் அந்தப் பழக்கம் சந்ததிக்கும் போகும், மெண்டலின் பாரம்பரிய விதிகள் எல்லாம் முதலாளிகளின் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆகஸ்டில், விவசாய அகாதெமிக் கூட்டத்தில், கட்சியே தம் பக்கம் என்று அறிவித்தார். மறுத்துப் பேசியவர்களின் வேலை போனது. அதற்கு முன்பே, உலகமெல்லாம் சுற்றி விதை சேர்த்த வாவிலோவ் 1940ல் கைதாகி, 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் செத்துப்போனார். 1928ல் ஹால்டேனை ரஷ்யாவுக்கு அழைத்து உபசரித்தவர் இந்த வாவிலோவ்தான்.

1948 கடைசியில் பி.பி.சி. வானொலி நான்கு விஞ்ஞானிகளிடம் லைசென்கோவைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது. மூன்று பேர் கண்டித்தார்கள். ஹால்டேன், முழு அறிக்கையையும் படிக்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்ற தோரணையில் பேசினார். சில விஷயங்களில் லைசென்கோ சொல்வது சரியாக இருக்கலாம், சிலவற்றில் தவறாக இருக்கலாம் என்றார். எதற்கும் காத்திராத மனிதர், யாருக்கும் பயப்படாத மனிதர், தமக்கு உலகத்திலேயே மிக நன்றாகத் தெரிந்த சாஸ்திரத்தில் வந்து காத்திருக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டேன். ஹால்டேன்மேல் வந்த கோபம் மட்டும் அல்ல. நானும் பத்தி எழுதியவன். பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. யாரையும் விடமாட்டான் என்று எனக்குப் பெயர். அப்போது எங்கள் கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர், எனக்கு மூத்தவர், வெளியிட்ட நாவல் ஒரு வங்காளி நாவலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது என்று எதிர்க் கோஷ்டி எழுதியது. வங்காளி நாவலின் ஆங்கிலப் பிரதி என் வீட்டிலேயே இருந்தது. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அவர்கள் சொன்னது நிஜம். அந்த வாரம் என் பக்கத்தில், முழு விவரமும் வெளிவரட்டும், அவசரப்பட வேண்டாம் என்று எழுதினேன். எழுதும்போது நியாயமாகத்தான் பட்டது. எதிராளிகள் கை தட்டுவார்களே என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் என்னைத் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாளாயிற்று.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஹால்டேன் கட்சி.

"நீங்க அவசரப்படறீங்க சார். அடுத்த வருஷமே கட்சிப் பத்திரிகையில ஜெனிடிக்ஸ் சரிதான்னு எழுதினாரே."

"எழுதினார். கட்சிக்காரர்கள் படிக்கிற பத்திரிகையில. ஊருக்குச் சொல்லலையே. வாவிலோவைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?"

"1950ல அந்தப் பத்தியையே விட்டுட்டாரு. கட்சியையும் மெதுவா விட்டுட்டாரு. அது போதாதா?"

"மெதுவா விட்டதுதான் சார் எனக்கு இடிக்குது. மத்த எதை அவர் மெதுவா விட்டார்?"

நண்பர் பதில் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரையும் எதிர்க்கறவனுக்கும் ஒரு வீடு வேணும் இல்லீங்களா" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சமாதானமாக இல்லை. இருந்தாலும் அதை நான் மறக்கவும் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். மற்ற இடங்களில் ஹால்டேன் தாமே எண்ணினார். லைசென்கோ விஷயத்தில் எண்ணவில்லை. கோதுமை விளைந்ததா இல்லையா, எத்தனை செடியில் எத்தனை, யார் சோதித்தார்கள் என்று கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும். கண்டிக்கிறவர்கள் யார் என்று பார்த்தார். தமக்குப் பிடிக்காதவர்கள் எல்லோரும் கண்டித்தார்கள். ஆகவே மறு பக்கம் சாய்ந்தார். உள்ளே இருந்த சித்தப்பா அன்று ஜெயித்துவிட்டார்.

மூன்றாவது புஸ்தகம் இந்தியாவில் எழுதியது. 1957ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு கல்கத்தாவுக்கு வந்து மஹலனோபிஸ் நடத்திய புள்ளிவிவர நிலையத்தில் சேர்ந்தார். சூயஸ் கால்வாய் விஷயத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் செய்த அக்கிரமம் காரணம் என்றார். இத்தனை வருஷம் காலுறை மாட்டியது போதும் என்பதும் ஒரு காரணமாம். ஜிப்பா போட்டார், மாமிசத்தை விட்டார், இந்தியப் பிரஜையும் ஆனார். 1961ல் அந்த நிலையத்தோடும் சண்டை. வேறு ஏற்பாடு ஒன்றிலும் அதிருப்தி. கடைசியில் புவனேசுவரத்தில் ஒரிஸ்ஸா சர்க்கார் அமைத்துத் தந்த ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கினார். நம் 'ஹிந்து'விலும் எழுதினார். ஆகவே நம் பாட்டனார் தலைமுறையில் சிலராவது காலைக் காப்பியோடு ஹால்டேனைப் படித்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது அவர் நம் பிள்ளைகளிடம் சொன்ன ஒரே விஷயம்: கருவி இல்லை என்று அழாதே, எண்ணு. ராய் என்பவர் பவளமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். ஒரே மரத்தில் இதழ் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்த்தார். டேவிஸ் தென்னை மரங்களில் ஓலை இடஞ்சுழியா வலஞ்சுழியா என்று எண்ணினார். ஜயகரும் ஸ்பர்வே அம்மாளும் கையில் கடிகாரத்தோடு ஆட்காட்டிக் குருவியின் கூட்டைக் காத்துக்கிடந்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்த இளைஞர் துரோணம்ராஜு, நம் பக்கத்து மாமன்–மருமகள் கல்யாணங்கள் எத்தனை என்று ஒரு கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டார். அவரே உன்னிச் செடியில் வந்து உட்காரும் வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ணினார். சில வகைப் பூச்சிகள் ஒரு நிறத்துப் பூவையே தேடிப் போகின்றன என்று கண்டார். அப்படியானால் பக்கத்துப் பக்கத்துச் செடிகளே காலப்போக்கில் இரண்டு இனமாகப் பிரியலாம் அல்லவா? 1960ல் இது பெரிய விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. செலவு, ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும்.

எண்ணுவது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருப்பது ஹால்டேனுக்குத் தெரிந்திருந்தால் அதற்கே ஒரு பத்தி எழுதியிருப்பார்.

உன்னிச் செடிக்கு ஏற்காட்டில் பஞ்சம் இல்லை. அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று தோட்டத்து வேலி ஓரமெல்லாம் அதுதான். வராந்தாவுக்கு எதிரிலேயே ரோஸ் பூ ஒரு புதர், ஆரஞ்சுப் பூ ஒரு புதர். ஒரு நாள் காலை நாவலை வைத்துவிட்டு, காகிதத்தில் இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து நின்றார். சேர்வராயன் மலைக்காரர்.

"என்னங்க ஐயா எழுதறீங்க?"

"பட்டாம்பூச்சி எந்தப் பூவுக்கு எத்தனை தடவை வருதுன்னு எண்றேன்."

அவர் சிறிது யோசித்தார். "வெயில் ஏறட்டுங்க. இப்ப வர்றது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டுப் போனார். நண்பருடைய பாடப் புஸ்தகங்களில் இல்லாத ஆட்சேபம். சரியான ஆட்சேபமும்கூட. அரை மணியில் கழுத்து வலித்தது. ரோஸுக்குப் பதினொன்று, ஆரஞ்சுக்கு மூன்று. அதில் ஒன்று பூச்சியா இலையா என்று இப்போதும் சந்தேகம். நாள் கணக்கில் இதைச் செய்தவர்களிடம் எனக்கு மரியாதை வந்தது.

இந்தியக் கட்டுரைகள் எல்லாமே தரம் என்று சொல்லமாட்டேன். நம் சாஸ்திரங்களையும் அஹிம்சையையும் பற்றி எழுதும்போது புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுச் சமையலைப் புகழ்வது போல இருக்கிறது. பாதிரிமாரைத் தூக்கத்தில்கூடச் சும்மா விடாதவர், நம் பண்டிதர்களிடம் கொஞ்சம் சுலபமாகத் தலை வணங்கிவிட்டார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடுவே நம் மதங்கள் சுவர் எழுப்பவில்லை, அதனால் பரிணாமக் கொள்கை நமக்கு அதிர்ச்சி அல்ல என்று அவர் சொன்னது நல்ல கருத்து. அதே ஊரில் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே எழுப்பிய சுவரைப் பற்றி இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். நம் ஆராய்ச்சி நிலையங்களில் மேலதிகாரிக்கு எழுந்து நிற்கும் வழக்கத்தைப் பற்றி எழுதும்போதுதான் பழைய ஹால்டேன் திரும்பி வருகிறார்.

தமிழில் விஞ்ஞானம் எழுதியவர்கள் குறைவு அல்ல. பெ.நா. அப்புஸ்வாமி ஆயுள் முழுதும் எழுதினார். தெளிவும் அன்பும் உள்ள எழுத்து. பிற்காலத்தில் சுஜாதா கேள்வி–பதிலாக எழுதியதைப் படித்து வளர்ந்த தலைமுறையே இருக்கிறது. ஆனாலும் இவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மோடு சண்டை போடவில்லை. மாமன்–மருமகள் கல்யாணத்தை எண்ணிப் பார்த்து, இதோ கணக்கு, பிடித்தால் பாருங்கள் என்று நம் முன் போடுகிற பத்தி தமிழில் வந்திருக்க வேண்டும். வாசகர்கள் கோபக் கடிதம் எழுதியிருப்பார்கள். பத்திரிகாசிரியர் பயந்திருப்பார். அப்படிப்பட்ட ஒருவர் கட்சியிலோ கோஷ்டியிலோ சேர்ந்து ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்காக அவர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1964ல் புற்றுநோய் வந்து லண்டனில் ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தம் வியாதியைப் பற்றியே ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். சந்தேகம் வந்தால் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள் என்பது அதன் சாரம். சில பேர் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள். தம் இரங்கல் உரையைத் தாமே பேசி பி.பி.சி.க்குப் பதிவு செய்து கொடுத்தார். அந்த வருஷம் டிசம்பர் 1ந் தேதி புவனேசுவரத்தில் இறந்தார். அவர் விருப்பப்படி உடம்பு காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று, மாணவர்கள் அறுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள.

கிளம்பும்போது இரண்டாவது புஸ்தகத்தை மட்டும் நண்பரிடம் இரவல் கேட்டேன். "திருப்பித் தருவீங்கல்ல?" என்றார். பஸ்ஸில் பத்தாவது வளைவு வரும்போதுதான், நான் போட்ட கட்டமும் பதினொன்றும் மூன்றும் மூன்றாவது புஸ்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது ஞாபகம் வந்தது.